கூடி உட்கார ஒரு காரணம்

2025 மார்ச் 3ஆம் தேதி நாகப்பட்டினத்தில் கட்சி நிர்வாகி ஒருவர் இல்லத் திருமணம். வாழ்த்த வந்த முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், புதுமணத் தம்பதிகள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். அவசரமில்லை, மெதுவாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று முன்பு சொல்லிவந்ததை இனிச் சொல்ல முடியாது என்றார். மக்கள்தொகையை வைத்துத் தொகுதிகளைப் பிரித்தால் நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டின் இடங்கள் குறையும் என்பது அவருடைய கவலை. நாடெங்கும் அந்தப் பேச்சு செய்தியானது. வாதமெல்லாம் தொகுதிக் கணக்கைச் சுற்றியே நடந்தது. ஆனால் நாகையிலிருந்து கீழ்வேளூர் வழியாகத் திருவாரூருக்குப் பேருந்தில் வருகிறவருக்கு வேறொரு கணக்கு கண்ணில் படும். தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள். பூட்டாத வீடுகள் பலவற்றில் கிழவனும் கிழவியும், இல்லாவிட்டால் கிழவி மட்டும்.

இது கண் தோற்றம் மட்டும் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,000 ஆண்களுக்குத் தஞ்சாவூர் மாவட்டத்தில் 1,035 பெண்கள், நாகப்பட்டினத்தில் 1,025, திருவாரூரில் 1,017. மாநில சராசரி 996தான். திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன ஆண்கள் பாதிக் காரணம். ஆணைவிடப் பெண் அதிக நாள் வாழ்வது மீதிக் காரணம். 60 வயதைக் கடந்தவர்கள் 2021இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் இருப்பார்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை மதிப்பிட்டது. கேரளத்துக்கு அடுத்த இடம். 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்கிறது அதே அறிக்கை. ஒரு தலைமுறை தன் அளவிலேயே நீடிக்க ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 பிள்ளைகள் பிறக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2020இல் அது 1.4 ஆக இருந்தது.

உலகம் தனிமையை ஒரு நோய்க்காரணியாக எண்ணத் தொடங்கி சில ஆண்டுகள்தான் ஆகின்றன. 2018இல் பிரிட்டன் தனிமைக்கென்று ஓர் அமைச்சரை நியமித்தது. 2021இல் ஜப்பான் அதையே செய்தது. 2023இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி, சமூகத் தொடர்பு அற்றுப்போவது நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடிப்பதற்கு ஒப்பான ஆபத்து என்று எச்சரித்தார். 2025 ஜூனில் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் தவிக்கிறார் என்றது. அதோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு 8,71,000 என்று கணக்கிட்டது. மணிக்கு நூறு பேர். பக்கவாதம், மாரடைப்பு, சர்க்கரை நோய், மறதி, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் தனிமை வழிவிடுகிறது.

இந்த அறிக்கைகளைப் படித்தால் அடுக்குமாடியில் ஒற்றை அறையில் இருக்கும் ஆளின் படம்தான் மனத்தில் எழும். காவிரிப் படுகையில் அப்படி இல்லை. தெரு இருக்கிறது, கோயில் இருக்கிறது, நான்கு வீடு தள்ளி ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பம் இருக்கிறது, கூப்பிட்டால் வர ஆள் இருக்கிறது. இருந்தும் ஒருத்தி மூன்று நாள் யாரோடும் பேசாமல் கிடக்க முடிகிறது. ஏன்? ஆள் குறைந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: ஒருவருக்கு இன்னொருவர் தேவைப்பட்ட வேலைகள் குறைந்துவிட்டன.

நடவை எடுத்துக்கொள்ளலாம். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து, தண்ணீர் கல்லணை வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து வயலேறும்போது குறுவை தொடங்கும். ஒரு ஏக்கர் நடவுக்குப் பதினைந்து இருபது பெண்கள் வேண்டும். ஆண்கள் நாற்றங்காலில் பறித்து முடிமுடியாகக் கட்டி, சேற்றில் அங்கங்கே வீசிப் போடுவார்கள். பெண்கள் வரிசையாக நின்று, குனிந்தபடி பின்னுக்கு நகர்ந்துகொண்டே நடுவார்கள். வேகமான கை ஒன்று முன்னே போய்விட்டால் பக்கத்தில் இருப்பவள் அதட்டுவாள்; தளர்ந்த கைக்கு இரண்டு பக்கத்துக் கையும் சேர்ந்து இடம் பிடித்துக் கொடுக்கும். பாட்டு வரும், ஏச்சு வரும், குலவை வரும். யார் வீட்டில் அடுப்பெரியவில்லை, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யாருக்கு நாள் தள்ளியிருக்கிறது என்பதெல்லாம் உச்சிவேளைக்குள் வயல் முழுக்கத் தெரிந்துவிடும். வரப்பில் தூக்குவாளியைத் திறக்கும்போது ஒருத்தி வரவில்லை என்றால், சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் யாராவது ஒருத்தி நிற்பாள்.

இன்று நடவு எந்திரம் வருகிறது. தட்டுகளில் பாயாக வளர்த்த நாற்று, ஓட்ட ஒருவர், தட்டை எடுத்துக் கொடுக்க ஓரிருவர். ஏக்கர் முடிய இரண்டு மணி நேரம் போதும். எந்திரம் வராத இடத்தில் நேரடி விதைப்பு. கடைமடையில் தண்ணீரை நம்பிக் காத்திருக்க முடியாதவர்களுக்கு அதுதான் வழி. அறுப்புக்குப் பெல்ட் வண்டி. வைக்கோலைச் சுருட்டிக் கட்ட இன்னொரு வண்டி. களத்தில் தாளடித்து, தூற்றி, போர் போட்டு, பதர் பிரித்த பத்து நாள் கூட்டம் ஒரு பகலில் முடிந்துபோகிறது. விவசாயியைக் குறை சொல்ல வழியில்லை. ஆள் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் கூலி கொடுத்துக் கட்டுப்படியாவதில்லை. எந்திரம் மிச்சப்படுத்திய காசு ஏதோ ஒரு கணக்கில் வரவாகிறது. வரப்பில் நடந்த பேச்சு எந்தக் கணக்கிலும் பற்றாகக்கூட எழுதப்படவில்லை.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கூட்டு வாழ்க்கையை நினைத்து உருகுகிறவர்கள் அதை யார் எந்த இடத்தில் நின்று வாழ்ந்தார்கள் என்று கேட்டுக்கொள்வதில்லை. திண்ணை எல்லோருக்கும் திண்ணையாக இருக்கவில்லை. பலர் தெருவுக்குள்ளேயே வர முடியாது. சேற்றில் சேர்ந்து நின்ற பெண்கள் ஒரே தெருவிலிருந்து, பெரும்பாலும் ஒரே சேரியிலிருந்து வந்தவர்கள். நட்டவளுக்கு நிலம் இல்லை. முதுகு வளைந்ததும் கால் விரலிடுக்குகள் சேற்றுப்புண்ணில் வெந்ததும் அவளுக்குத்தான். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் முடிவில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டது இதே நெல்வயல்களுக்கு நடுவில்தான். ஆகவே பழைய காலத்தைத் திரும்ப அழைக்க வேண்டியதில்லை. அதில் இருந்த கொடுமை போனது நல்லது. கொடுமையோடு சேர்ந்து துணையும் போய்விட்டது என்பதுதான் துக்கம்.

ஊரை விட்டுப் போனவர்களில் முதலில் கிளம்பியவர்கள் அக்கிரகாரத்துக்காரர்கள். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் திருவையாற்றை ஒட்டிய தில்லைஸ்தானத்தில் தங்கி, ஊர்ப் பெயரை ஸ்ரீபுரம் என்று மாற்றி எழுதிய நூல் 1965இல் வந்தது. நிலத்தை விற்று நகரத்து உத்தியோகத்துக்குப் போவது அப்போதே நடந்துகொண்டிருந்ததை அதில் காணலாம். நாற்பது ஆண்டு கழித்து சி.ஜே. ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் கும்பகோணத்துக்கு அருகில் திப்பிராஜபுரத்தில் கள ஆய்வு செய்து 2014இல் வெளியிட்ட நூல், அதே பயணம் சென்னையையும் பெங்களூரையும் தாண்டி அமெரிக்கா வரை நீண்டதை விவரிக்கிறது.

அந்தப் பயணத்தின் ஒரு நுனி மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர். 2020 நவம்பரில் வெற்றிச் செய்தி வந்ததும் வாசலில் கோலம் போட்டு வெடி வெடித்தார்கள். 2024 நவம்பரில் அவர் அதிபர் தேர்தலில் நின்றபோது தர்மசாஸ்தா கோயிலில் அபிஷேகம் நடந்தது. அந்தக் கோயிலில் நன்கொடை தந்தவர்களின் பெயர் பொறித்த கல்லில் 5,000 ரூபாய்க்கு நேராகக் கமலா ஹாரிஸ் என்ற பெயர் இருக்கிறது. குடும்பம் இருந்த வீடு மட்டும் ஊரில் இல்லை. உலகம் முழுதும் இருந்து வந்த தொலைக்காட்சி வண்டிகள் சில நாள் நின்றுவிட்டுப் போயின. அந்த நாட்களில் ஊர்ப் பெரியவர்களுக்குப் பேச ஆள் இருந்தது.

நன்கொடைக் கல் டெல்டாவில் ஊருக்கு ஊர் உண்டு. குலதெய்வத்துக்குக் கும்பாபிஷேகம் என்றால் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு போகிறது. சியாட்டிலிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் வருகிறது. மூன்று நாள் வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்து, நான்காம் நாள் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். எதிர்வீட்டு அம்மாளிடம் அப்படி ஏழெட்டு வீட்டுச் சாவி இருக்கும். ஒவ்வொன்றிலும் நூல் கட்டி, யார் வீடு என்று அடையாளம் வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை போய் வாசல் தெளித்து விளக்கேற்றி வருவதும் அவர் பொறுப்பு. அவருடைய சொந்தப் பிள்ளைகளும் வெளியூரில்தான்.

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், ராஜகிரி, பண்டாரவாடை போன்ற ஊர்களில் பிரிவுக்கு வயது இன்னும் அதிகம். மலாயா, சிங்கப்பூர், சைகோன் என்று பாட்டன் காலத்தில் போனார்கள். பின்னால் துபாய், சவுதி, குவைத். கல்யாணமாகி நாற்பதாம் நாள் விமானம் ஏறிய கணவன் இரண்டு ஆண்டுக்கொரு முறை வந்து போக, முப்பது ஆண்டுத் தாம்பத்தியத்தில் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் நான்கைந்து ஆண்டு தேறாத பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள், வீடு கட்டினார்கள், மாமியாரை அடக்கம் செய்தார்கள். சம்பாதித்து ஓய்ந்து ஊர் திரும்பும் மனிதருக்கு அந்த வீட்டில் எந்த நாற்காலி தன்னுடையது என்று தெரிவதில்லை. மனைவிக்கும் அவரோடு என்ன பேசுவது என்று தெரிவதில்லை. இருவர் இருக்கும் வீட்டிலும் தனிமை குடியிருக்கும் என்பதை இந்த ஊர்கள் எல்லோருக்கும் முன்பே அறிந்தவை. தர்காவில் கந்தூரி வரும்போது, நாகூரில் கொடியேறும்போது, தெரு நிறைந்து சில நாள் மூச்சு வரும்.

“சாப்பிட்டியாம்மா?”

“ஆச்சுப்பா. நீ?”

“மாத்திரை போட்டுக்கிட்டியா?”

“போட்டாச்சு.”

டெல்டாவில் இரவு எட்டு மணிக்கு மேல் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடக்கும் உரையாடல் இவ்வளவுதான். கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு வலிக்கிறது என்பதை அம்மா சொல்ல மாட்டாள். பிள்ளை லீவு போட்டுக்கொண்டு கிளம்பி வந்துவிடுவான். வேலை போய் ஒரு மாதமாகிறது என்பதைப் பிள்ளை சொல்ல மாட்டான். அன்பு குறைந்ததால் வந்த மௌனம் இல்லை இது. ஒருவரை ஒருவர் பத்திரமாக வைத்துக்கொள்ள நினைத்ததால் வந்தது. கூடத்து மூலையில் கேமரா பொருத்தி, கைபேசியில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் அது பொருந்தும். அம்மா நடமாடுகிறாள் என்பது தெரிகிறது. அவள் எதை நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் அரைமணி நேரமாக நிற்கிறாள் என்பது தெரியாது.

பிள்ளைகள் கைவிட்டார்கள் என்ற பேச்சு சுலபமாக வருகிறது. பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கும் பேச்சு அது. பெற்றோரைப் பராமரிக்க மறுக்கும் பிள்ளைகள் மீது புகார் கொடுக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் மூன்று ஏக்கர் நஞ்சையில், தண்ணீர் வருமா வராதா என்று தெரியாத சம்பாவில் பட்டதாரி மகன் எப்படிப் பிழைப்பான்? போய்ப் பிழைத்துக்கொள் என்று அனுப்பியவர்கள் அதே பெற்றோர்தான். 2020 மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானங்கள் நின்றபோது, அப்பாவின் இறுதிச் சடங்கைச் செல்பேசித் திரையில் பார்த்து அழுத பிள்ளைகள் வளைகுடாவில் எத்தனையோ பேர். சாதாரண நாளிலும், மரணம் நேர்ந்தால் முதலில் வருவது குளிர்பெட்டிதான். திருச்சியில் விமானம் இறங்கி, மகன் வந்து சேரும் வரை அதன் இரைச்சல் கூடத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். தோளோடு தோள் கட்டி மாரடித்து ஒப்பாரி சொல்லும் பெண்கள் ஊரில் இரண்டு மூன்று பேர் மிச்சம். அவர்களும் கண்ணாடிக்கு மேல் கை வைத்துத்தான் அழ வேண்டியிருக்கிறது.

ஆண்களின் தனிமை வேறு மாதிரி. அது கடன் கணக்கோடு பின்னிக்கிடக்கும், வாய்விட்டுச் சொல்லப்படாது. டீக்கடை பெஞ்சில் அரசியல் பேசுகிற மனிதர் தன் நகை ஏலத்துக்கு வந்ததைப் பேச மாட்டார். அவர்கள் மனம் திறப்பது, விந்தையாக, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில். 2025 அக்டோபரில் குறுவை நெல் குவிந்து கிடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கொட்டிய நெல் முளைவிட்டது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்கக் கூடாது என்பது விதி. அதை 22 ஆக உயர்த்தக் கேட்டு மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதியது, பார்வையிடக் குழுக்கள் வந்தன. அந்த நாட்களில் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, குவியலுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுக் காவல் கிடந்தவர்கள் இரவெல்லாம் பேசினார்கள். எல்லார் நெல்லும் நனைந்திருந்ததால் யாருக்கும் வெட்கம் இல்லை. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தென்னைகளைச் சாய்த்துப் போட்ட பிறகும் இப்படித்தான். ஒரே அடுப்பில் தெருவே சமைத்துச் சாப்பிட்டது. மனிதர்கள் கூடுவதற்கு ஊர் அழிய வேண்டியதில்லை என்பதால்தான் மற்ற இடங்களைத் தேட வேண்டியிருக்கிறது.

அப்படி ஒரு இடத்தைத் தனி ஆளாக உண்டாக்கிய பெண் ஒருவர் இந்த மண்ணில் உண்டு. பெங்களூர் நாகரத்தினம்மாள், 1878இல் பிறந்தவர், தேவதாசி மரபில் வந்து சென்னையில் புகழ்பெற்ற பாடகி. சொந்தப் பிள்ளை இல்லை. திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி சிதிலமாகக் கிடப்பதைக் கேள்விப்பட்டு, இடத்தை வாங்கி, தன் பணத்தில் கோயில் எழுப்பினார். 1925இல் குடமுழுக்கு நடந்தது. கட்டியவர் பெண் என்றாலும் ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில், ஆராதனையைத் தனித்தனியே நடத்திப் பிரிந்து கிடந்த தரப்புகள் ஒன்றாயின. பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கமும் அப்போது நிலைபெற்றது. சென்னை வீட்டை விட்டுத் திருவையாற்றிலேயே கடைசிக் காலத்தைக் கழித்து 1952இல் மறைந்தார். தியாகராஜர் சன்னதியைப் பார்த்தபடி அவர் சமாதி இருக்கிறது. ஜனவரியில் காவிரிக்கரைப் பந்தலில் வித்வான்களோடு பாட்டு வாத்தியாரும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியரும் பள்ளிச் சிறுமியும் ஒரே தாளத்தில் கை தட்டி அமர்ந்திருப்பதற்கு, வயதான காலத்தில் தன்னந்தனியாக வந்து குடியேறிய அந்த அம்மாளும் ஒரு காரணம்.

கலை எல்லோரையும் சேர்க்காது. திருவையாற்றுப் பந்தலுக்குள் வராதவர்கள்தான் டெல்டாவில் அதிகம். அவர்களுக்கு அரசு என்ன வைத்திருக்கிறது? முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. மகளிர் உரிமைத் தொகை அதே ஆண்டில் 1,000 ரூபாயாகத் தொடங்கியது. முதியோருக்கு 14567, மனநலத்துக்கு 14416 என்று தொலைபேசி எண்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். எல்லாமே வேண்டியவை. மாத்திரை கொடுக்க வரும் பெண்ணுக்காகக் காபி கலந்து வைத்துக் காத்திருக்கும் பாட்டிகளைப் பார்த்தால், அந்தத் திட்டத்தில் எழுதப்படாத மருந்து எது என்று புரியும். ஆனால் இவை எல்லாம் ஒருவரை வீட்டில் இருத்தித் தேடி வருபவை.

வீட்டை விட்டுக் கிளப்பியவை இரண்டு. ஒன்று, 2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்து. பத்து ரூபாய்க்கு யோசித்த மூதாட்டி இன்று பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்குச் சும்மா ஒரு நடை போய், கும்பேஸ்வரன் கோயிலில் உட்கார்ந்திருந்து, கீரைக்கட்டு வாங்கிக்கொண்டு திரும்ப முடிகிறது. போகும் வழியில் பக்கத்து இருக்கையோடு பேச்சு.

மற்றது நூறு நாள் வேலை. 2006இல் நாடு முழுக்க முதல் கட்டத்தில் எடுத்த மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. அடுத்து தஞ்சையும் திருவாரூரும் வந்தன. வாய்க்கால் தூர், குளக்கரை, சாலையோரம் என்று வேலை நடக்கும் இடத்தில் பெரும்பாலும் பெண்கள், அவர்களிலும் அறுபதைக் கடந்தவர்கள் நிறைய. இவர்கள் வேலையே செய்வதில்லை, மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள் என்று கேலி செய்யாத பெரிய விவசாயி இல்லை. வேலையும் நடக்கிறது, கதையும் நடக்கிறது. நடவு வயலில் இழந்த வரிசை அந்த மரத்தடியில்தான் திரும்பக் கிடைத்தது. காலையில் பெயர் கூப்பிடும்போது குரல் வராவிட்டால் “என்ன ஆச்சு அவளுக்கு?” என்று கேட்க இருபது பேர் இருக்கிறார்கள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த வேலைக்கான சட்டத்தை நீக்கி, விக்சித் பாரத் – ஜி ராம் ஜி என்ற புதிய சட்டத்தை நிறைவேற்றியது. வேலை 125 நாளாக உயரும் என்கிறது. நிதிச்சுமையில் மாநிலத்தின் பங்கு கூடுகிறது என்று அதன் மேல் பெரிய விவாதம் நடந்தது. டெல்டாவுக்கு முக்கியமான வேறொரு பிரிவு அதில் இருக்கிறது: விதைப்பும் அறுப்பும் நடக்கும் காலத்தில், ஆண்டுக்கு 60 நாள் வரை, இந்த வேலைகளை நிறுத்தி வைக்க வேண்டும்; விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பது காரணம். எந்த நாட்களை நிறுத்துவது என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். குறுவை நடவிலும் சம்பா அறுப்பிலும் அறுபத்தைந்து வயதுக்காரியை வேலைக்குக் கூப்பிட இங்கே எந்த வயலும் மிச்சம் இல்லை என்பதைக் கணக்கில் எடுத்து, அந்த 60 நாளைத் தஞ்சைக்கும் திருவாரூருக்கும் நாகைக்கும் மயிலாடுதுறைக்கும் தனியாக யோசித்து வகுக்க வேண்டும். அதைக் கேட்டு கிராம சபையில் தீர்மானம் போட ஊராட்சிகளுக்கு உரிமை இருக்கிறது.